எல்லா வகைக்கும் சமமாகப் பொருந்தும்

கால்காரர் கொண்டுபோன கிராபிக்ஸ் கார்டு மீது சொல்லப்பட்ட குற்றம் ஒன்றே ஒன்றுதான்: அது நன்றாக வேலை செய்தது. மற்றபடி அதன் மீது ஒரு குறையும் கிடையாது. சிரிக்காதீர்கள். இந்தக் குற்றத்துக்காக ஒரு மனிதர் வாரியத்தின் படியேறி இறங்கியே செருப்பைத் தேய்த்தார்.

கால்காரர் என்பது ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். பின்பக்கம், சலவை அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து, காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து கொடுப்பது அவர் வேலை. முன்பெல்லாம் மாவுக்கட்டில் அச்செடுத்துக் கையால் செதுக்குவார். கணினி வந்த கையோடு நிர்வாகம் அச்சுத் தொட்டியையும் அடுப்பையும் தூக்கி வெளியே போட்டுவிட்டது. இப்போது மிச்சமிருக்கும் காலைக் கருவியால் சுற்றிப் படம் பிடித்து, அதைத் திரையில் இப்படியும் அப்படியும் திருப்பி, எங்கே அழுத்தும், எங்கே உராயும் என்று பார்த்துத் திருத்தி அனுப்பினால், இயந்திரம் கடைந்து தள்ளிவிடும். படம் திரையில் சுழல வேண்டுமானால் கணினிக்குள் கிராபிக்ஸ் கார்டு என்று ஒரு பச்சைத் தகடு வேண்டும். அந்தத் தகடு ஒரு நாள் புகைந்து, நாறி, உயிரை விட்டது.

புதுக் கார்டு வாங்கிச் செருகினார். படம் தண்ணீரில் மிதப்பது போல் சுழன்றது. ஆகா என்று இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கும்போது நிர்வாக அலுவலர் எட்டிப் பார்த்தார். கார்டில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கேட்டார். எந்த ஸ்டிக்கர் என்று கால்காரர் கேட்டதுதான் தப்பாகப் போயிற்று. பொதுக் கட்டடத்தில் இருக்கும் எந்தக் கணினிக்குள்ளும் அனைத்துக் கணினிச் சமப் பொருத்த வாரியத்தின் ஸ்டிக்கர் இல்லாத கார்டு இருக்கக் கூடாதாம். அலுவலர் அந்த இடத்திலேயே கணினியை அணைத்து, பொத்தானுக்குக் குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு டேப்பை ஒட்டி, அதன் மேல் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்.

விரல் அகல டேப். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கால் வேண்டிக் காத்திருந்தவர்களில் முதலில் நின்றது கால்காரரின் அக்கா மகள். வாயாடி என்று வீட்டில் கூப்பிடுவார்கள். தூங்கும்போது மட்டும்தான் பேச மாட்டாள். நடை பழகிய வயதில் ஒரு லாரி பின்பக்கமாக வந்ததில் இடது முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அன்றிலிருந்து அவள் வளர வளர மாமாதான் கால் செய்து போட்டார். இந்த வருடம் பிள்ளை கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டாள். நல்ல கால் வளர்ந்தது. மாமா செய்த கால் வளருமா? நடந்தால் இடுப்பு ஒரு பக்கம் இறங்கி இறங்கி ஏறியது. போதாக்குறைக்கு அவள் வகுப்பை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். குட்டைக் காலோடு படியேற முடியாததால், கால் வரும் வரைக்கும் கீழேயே சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரச் சொல்லியிருந்தார் டீச்சர். ஆறாம் வகுப்புக்காரி மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தாள். நண்டும் சிண்டும் அவளை அக்கா என்று கூப்பிட்டதில் அவளுக்குக் கோபம்.

"நாளைக்குக் கெடைச்சிடும்டி" என்றார் கால்காரர். சொன்ன வாய்க்கு வெட்கம் வேண்டும். நாளை, நாளை என்று அந்த வாய் அப்புறம் எத்தனை தரம் சொல்லிற்று என்பதை எண்ணிப் பார்க்க அவருக்கே தைரியம் இல்லை.

கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனார். பெரிய கூடம். தரை பளபளவென்று முகம் பார்க்கலாம் போல் இருந்தது. நடுவில் மூன்று மேசை, மேசைக்கு ஒரு கணினி. உலகத்தில் கணினிகள் மூன்று வகை என்றும், மூன்றையும் வாரியம் தன் பிள்ளைகளாகப் பாவிக்கிறது என்றும் சுவரில் எழுதியிருந்தது. முதல் வகை ஆபீஸ்களில் இருக்கும் சாதாரணப் பெட்டி. ஆஸ்பத்திரியில் இருப்பதும் அதுதான். இரண்டாம் வகை பார்க்க அதே பெட்டிதான், ஆனால் உள்ளே ஓடும் மென்பொருள் வேறு. மூன்றாம் வகை வெள்ளைப் பெட்டி. ஒரு திருகாணிகூட வெளியே தெரியாமல் வழவழவென்று மூடியிருக்கும். அதில் கார்டு செருக இடமே கிடையாது. செய்தவர்கள் இடம் விடவில்லை.

சோதனையாளர் மரியாதையான மனிதர். கார்டை முதல் பெட்டியில் செருகினார், படம் ஓடியது. முழு மதிப்பெண் போட்டார். இரண்டாம் பெட்டியில் செருகினார். அதற்கேற்ற மென்பொருள் இல்லாததால் படம் திக்கித் திணறி வந்தது. பாதி மதிப்பெண். மூன்றாம் பெட்டியின் தலையில் ஒரு துணியை விரித்து, அதன் மேல் கார்டை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். கால்காரரும் பக்கத்தில் காத்திருந்தார். என்ன நடக்கும் என்று அவர் எதிர்பார்த்தாரோ தெரியாது. மரியாதைக்கு அவரும் கையைக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சோதனையாளர் உச்சுக் கொட்டிவிட்டுப் பூஜ்யம் போட்டார்.

"உங்க கார்டு முதல் மெஷின்ல ரொம்ப நல்லா ஓடுது சார். அதான் இடிக்குது" என்றார்.

கால்காரருக்குப் புரியவில்லை. சோதனையாளர் குழந்தைக்குச் சொல்வது போல் பொறுமையாகச் சொன்னார். வாரியத்தின் பெயரிலேயே சமம் இருக்கிறது. ஒரு கார்டு மூன்று வகையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஒன்றில் ஓடி, ஒன்றில் திணறி, ஒன்றில் படுத்துக்கொண்டால் அது பாரபட்சம். பாரபட்சமான பொருளைப் பொதுக் கட்டடத்துக்குள் எப்படி விடுவது?

என்னிடம் இருப்பது முதல் வகைக் கணினி மட்டும்தானே என்று கால்காரர் இழுத்தார். எல்லோரும் இப்படித் தன்னலமாகத்தான் ஆரம்பிக்கிறார்கள் என்று சோதனையாளர் வருத்தப்பட்டார். கால்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. தன்னலம் என்ற வார்த்தையை யாரும் அதற்கு முன் அவர் மீது சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்டார். இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது: மனிதர் மன்னிப்புக் கேட்டார்!

கார்டு விற்ற கடைக்காரரிடம் ஓடினார். இரண்டாம் வகைக்கு வேண்டிய மென்பொருளைக் கடைக்காரர் தேடிப் பிடித்துக் கொடுத்தார். மறுபடி சோதனை. இப்போது இரண்டாம் பெட்டியிலும் படம் ஜம்மென்று ஓடியது. கால்காரர் முகத்தில் சிரிப்பு. ஆனால் சோதனையாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு துணை இயக்குநர் அம்மாவை அழைத்துவந்தார். அந்த அம்மாள் மூன்று பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாம் பெட்டியின் வெள்ளை முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"முன்னாடியாவது ஆளுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. இப்ப ரெண்டு பேர் சேர்ந்துக்கிட்டு இதை ஒதுக்கி வெச்சிருக்காங்க. பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு."

மூடின பெட்டியில் செருக இடமே இல்லையே அம்மா, அதைச் சோதனையிலிருந்து விட்டுவிட்டால் என்ன என்று கால்காரர் கேட்டார். கூடத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். இடம் இல்லாதது அதன் குற்றமா என்று அம்மாள் மெதுவாகக் கேட்டார். கால்காரர் தலையைக் குனிந்துகொண்டார். செயற்கைக் கால் செய்கிற நீங்களே இப்படிப் பேசலாமா என்று அம்மாள் கேட்டபோது, தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது அவருக்கு. அந்தப் பெட்டியிடம் நிஜமாகவே ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி தோன்றியது.

வெளியே கண்ணாடி அலமாரியில் வாரியத்தின் சான்று பெற்ற கார்டுகளை அடுக்கியிருந்தார்கள். கால்காரர் மூக்கை ஒட்டிப் பார்த்தார். ஒன்று கருகியிருந்தது. ஒன்று இரண்டாக ஒடிந்து நூலால் கட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் தட்டில், பட்டுத் துணியில், வெறும் பச்சைத் தகடு ஒன்று இருந்தது. அதில் ஒரு சில்லு கிடையாது, ஒரு கம்பி கிடையாது. ஆண்டின் சிறந்த கார்டு என்று போட்டிருந்தது. மூன்று வகையிலும் சுத்தமாகப் பூஜ்யம். இம்மியளவும் வித்தியாசம் இல்லை.

அக்கா வீட்டுக்கு வந்தால் வாயாடி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். மூன்றாம் வகுப்புக்காரர்கள் தன்னிடம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்களாம். மாடியில் இவள் வகுப்பு சிரிக்கிற சத்தம் கீழே கேட்கிறதாம். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லையாம். இவர் நாளைக்கு என்றார். அக்கா தட்டை வைத்துச் சோறு போட்டாள். அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கடைசியில் இயக்குநரையே பார்த்தார். இயக்குநர் அறையில் ஒரு கணினி. அதன் திரையில் பந்தயக் கார் ஒன்று மழையில் நனைந்து பளபளவென்று நின்றது. பேச வேண்டி வந்ததால் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தார். மழைத்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கால்காரர் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, அது சோதனையில் தோற்ற கார்டு என்று இயக்குநர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். தோற்றதையெல்லாம் குப்பையில் போட மனம் வராமல் அதிகாரிகளின் அறைகளில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்களாம். எவ்வளவு மோசமாகத் தோற்கிறதோ அவ்வளவு பெரிய அதிகாரிக்குப் போகுமாம்.

கால்காரர் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, ஒரு குழந்தைக்குக் கால் செய்ய வேண்டும், கார்டு வேலை செய்தால் போதும் என்றார். இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கார்டு வேலை செய்யணும்னு எங்க விதியில எங்கேயும் இல்லை. சமமாப் பொருந்தணும்னுதான் இருக்கு. வேலை செய்யுதான்னு பாக்குறது ரொம்பச் சுலபம், செருகிப் பாத்தா தெரிஞ்சிடும். அதுக்கு எதுக்குங்க ஒரு வாரியம், ஒரு கட்டடம், நான்? கொஞ்சம் யோசிங்க. எல்லாக் கார்டும் எல்லாத்துலயும் ஓடிட்டா நாளைக்கு எங்களை யார் மதிப்பாங்க?"

சொல்லிவிட்டு, நல்ல உண்மை ஒன்றைச் சொன்ன நிம்மதியோடு தண்ணீர் குடித்தார்.

வெளியே வந்த கால்காரரைத் துணை இயக்குநர் அம்மாள் ஓரமாக அழைத்துப் போனார். நல்ல மனசு. இப்படி அலைக்கழிவதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். நகப்பூச்சுக் குப்பி மாதிரி இருந்தது, மூடியில் தூரிகையோடு. கார்டின் அடியில் இருக்கும் தங்க நிறப் பற்களில் இதைப் பூசிவிட்டால் மின்சாரம் பாயாது. மூன்று பெட்டியிலும் ஒரே மாதிரி இருக்கும். சமன் பூச்சு என்று பெயர். எல்லோரும் இதைத்தான் செய்கிறார்களாம். அப்புறம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்று அருகில் நின்ற சோதனையாளர் காதோடு சொன்னார். ஆனால் வாரிய ஊழியர்கள் பொதுச் சொத்துக்குச் சேதம் செய்யக் கூடாது என்பதால் கொண்டுவந்தவரே தன் கையால் பூச வேண்டும்.

கால்காரர் பூசினார்.

கை நடுங்கியிருந்தாலாவது மனிதருக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். நடுங்கவில்லை. காலுக்கு மெருகு பூசிப் பழகிய கை; ஒரு பல் விடாமல், வெளியே வழியாமல், அழகாகப் பூசியது. எவ்வளவு சுத்தமாகப் பூசுகிறீர்கள் என்று அம்மாள் சொன்னபோது அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் காது மடல் சுடுகிறது.

முதல் பெட்டியில் திரை கறுப்பு. இரண்டாம் பெட்டியிலும் கறுப்பு. மூன்றாம் பெட்டியின் தலையில் வைத்தார்கள்; அது வழக்கம் போல் இருந்தது. சோதனையாளருக்குக் கண் கலங்கிவிட்டது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இயக்குநர் பந்தயத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். ஸ்டிக்கரைக் கொண்டுவந்தார்கள், நீளமாக, வெள்ளி நிறத்தில், 'எல்லா வகைக்கும் சமமாகப் பொருந்தும்' என்று எழுதியிருந்தது. இயக்குநர் அதைக் கார்டின் பற்கள் மீதே, பூச்சுக்கு மேலேயே, பெருவிரலால் அழுத்தி ஒட்டினார். கிழித்தால் சான்று செல்லாது, வேலைக்கும் உத்தரவாதம் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஸ்டிக்கரைக் கிழிக்காமல் பூச்சைத் துடைக்க முடியாது என்று கால்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று அவரைத் தள்ளிவிட்டார்கள்.

பேசினார். வாரியம் தன் கண்ணைத் திறந்துவிட்டது என்றார். தான் இத்தனை நாள் தன்னலமாக இருந்ததாகச் சொன்னார். மூன்றாம் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை உருக்கமாகச் சொன்னார். கைதட்டல் இன்னும் பலமாக வந்தது. வாழ்க்கையில் அவருக்கு யாரும் அப்படிக் கை தட்டியதில்லை. அவர் செய்த காலில் நடந்து போனவர்கள்கூட நடக்கும் அவசரத்தில் போய்விடுவார்கள். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் நிர்வாக அலுவலர் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்துவிட்டு, தானே குனிந்து டேப்பைப் பிரித்தார். கால்காரர் கார்டைச் செருகிக் கணினியைப் போட்டார். விசிறி உர்ரென்று சுற்றியது. திரை கறுப்பாக இருந்தது. இப்போதுதான் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது, எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று நிர்வாக அலுவலர் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தக் கறுப்பையே ரசித்துப் பார்த்துவிட்டுப் போனார். கால்காரர் கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் ஒரு தரம் நிமிண்டினார். வேலை போய்விடும் என்று நினைத்தார். விட்டுவிட்டார்.

சாயந்தரம் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாயாடியின் குரல் கேட்டது.

"மாமா, அங்கேயே நில்லுங்க. நான் நடந்து காட்டுறேன், பாருங்க."

கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்து வந்தாள். இடுப்பு இறங்கவில்லை. தோள் ஒரு பக்கம் சாயவில்லை. கால்காரருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் பார்த்தார். நல்ல காலின் முழங்காலை மடக்கி, குட்டைக் காலின் உயரத்துக்கு அதைக் குறைத்துக்கொண்டு நடந்தாள் பெண். முகத்தில் வியர்வை. நல்ல காலின் தொடை வெடவெடவென்று நடுங்கியது.

"ரெண்டும் சமமா இருக்குல்ல மாமா?" என்றாள். "டீச்சர் எல்லார் முன்னாடியும் நடக்கச் சொன்னாங்க. கிளாஸே கை தட்டுச்சு. இனிமே கால் மெதுவா வந்தாப் போதும்."

அக்கா அடுப்படி வாசலில் நின்றபடி, பார்க்க எவ்வளவு நேராக இருக்கிறது பாரடா என்றாள். அவள் குரலில் பெருமைதான் இருந்தது. தம்பியைக் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார்.

கால்காரருக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கைதட்டல் சத்தம் காதுக்குள் கேட்டது. வாரியத்தில் கேட்டதா, பள்ளிக்கூடத்தில் கேட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கேட்டது. எந்தக் கையால் பூசினாரோ அந்தக் கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்து, அவள் நல்ல காலைப் பிடித்து, மடங்கியிருந்த முழங்காலை நிமிர்த்தினார். இடுப்பு பழையபடி ஒரு பக்கம் இறங்கிற்று.

"கோணலாத் தெரியும் மாமா" என்றாள்.

"தெரியட்டும்" என்றார்.  காலை விடாமலே, "நான் ஒரு அசிங்கமான காரியம் பண்ணிட்டேன்டி" என்றார்.

என்ன காரியம் என்று அவள் குடைந்தெடுத்துவிட்டாள். சொன்னார். பூச்சையும் சொன்னார், கைதட்டலையும் சொன்னார், சந்தோஷமாக இருந்ததையும் மறைக்காமல் சொன்னார். கேட்டுக்கொண்டே நின்ற அக்காவை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது, பிள்ளையின் காலைத் துடைக்க வீட்டில் வைத்திருக்கும் ஸ்பிரிட் பாட்டிலும் பழைய துணியும் அவள் கையில் இருந்தன. அவற்றைத் தம்பிக்கு முன்னால் டக்கென்று வைத்தாள்.

ஸ்டிக்கரைப் பிரிக்க அவருக்கு நகம் ஏறவில்லை. வாயாடி பிடுங்கிக்கொண்டாள். நாக்கைத் துருத்திக்கொண்டு, ஓரத்தை நிமிண்டி, கிழியாமல் ஒரே இழுப்பாக உரித்தெடுத்தாள். உரித்ததை எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று வாசித்தாள். இது என்னத்துக்கு என்று கேட்டாள். ஒன்றுக்கும் இல்லை என்றார். அப்படியானால் எனக்கு என்று தன் குட்டைக் காலின் கெண்டையில் ஒட்டி, உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துக்கொண்டாள்.

கால்காரர் துணியில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்களைத் துடைத்தார். பூச்சு வழவழவென்று வந்தது. தங்க நிறம் தெரிந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது அவருக்கு. இத்தனை நாள் அந்தப் பிள்ளையைச் சின்னப் பெஞ்சில் உட்கார வைத்தது ஒரு விரல் அகல டேப்தானே. அதை முதல் நாளே பிய்த்துப் போட்டிருக்கலாம். பிய்க்க அவரிடம் விரல் இருந்தது. வேறெதுவோ இல்லை. வெட்கத்தில் துடைத்த பல்லையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

வாயாடி கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள், முழங்காலை நிமிர்த்தி, இடுப்பு இறங்கி இறங்கி ஏற, கோணலாகத்தான். நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு நானும் வருவேன், படம் சுழல்வதைப் பார்ப்பேன் என்றாள். சரி என்றார். அளவு எடுக்கக் காலை நேராக வைக்க வேண்டும் என்றார்.

நாளைக்கு நிர்வாக அலுவலர் எட்டிப் பார்த்து ஸ்டிக்கர் எங்கே என்று கேட்பார். வாயாடியின் காலோடு மாடிப்படி ஏறப் போயிருக்கிறது என்று சொல்ல வேண்டியதுதான்.